ஓடி நொந்த கால்: யாழ்ப்பாணத்து ஓட்டக்காரருக்கு ஒரு முழு வழிகாட்டி

தை பிறந்து பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குப் பயிற்சி தொடங்கினால் என்னிடம் வருகிற கால்களின் வயது குறைந்துவிடும். மற்ற மாதங்களில் ஐம்பது வயது முழங்கால்கள் வரும். அந்த இரண்டு மாதமும் பதினைந்து வயது முன்னெலும்புகள், அதாவது முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தட்டுப்படுகிற எலும்புகள். நான் இயன்மருத்துவன். சனம் சொல்லுகிற மாதிரிச் சொன்னால் பிசியோ.

போன முறை வந்த ஒரு பெடியன் கதிரையில் இருந்து காலை நீட்டினான். முன்னெலும்பின் உட்பக்க விளிம்பைப் பெருவிரலால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு போனேன். பாதித் தூரம் வரை முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு நாலைந்து விரற்கடை அளவுக்கு, அழுத்திய இடமெல்லாம் பல்லைக் கடித்தான்.

“எத்தினை நாளா ஓடுறாய், தம்பி?”

“மூண்டு கிழமை, சேர்.”

“அதுக்கு முதல்?”

அவன் தாயைப் பார்த்தான். தாய்தான் சொன்னார்: “போன வருச மரதனுக்கு ஓடினவன்.”

நோயும் காரணமும் அந்த ஒரு வசனத்தில் வந்துவிட்டது. எங்கள் பாடசாலை மரதன் 42.195 கிலோமீற்றர் இல்லை, சில கிலோமீற்றர் வீதியோட்டம்தான். பதினொரு மாதம் வகுப்பறையில் இருந்த காலுக்கு அதுவே பெரிய தூரம்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் நிறையின் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி. உடம்பு இதற்குப் பழகும், ஆனால் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பழகாது. மூச்சும் இதயமும் சில கிழமைகளில் தேறிவிடும். தசைநாருக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு வேண்டும். மூச்சு வாங்காமல் ஐந்து கிலோமீற்றர் ஓட முடிகிறதே, காலும் தயார்தானே என்று நினைக்கிற இடத்தில்தான் பலர் மாட்டுப்படுகிறார்கள்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓய்வு எடுத்தால் நோ குறையும், ஆனால் கால் பலப்படாது. இரண்டு கிழமை சும்மா இருந்துவிட்டு அதே தூரத்தை அதே வேகத்தில் ஓடினால் அதே நோ அதே இடத்தில் காத்திருக்கும். கீழே வருகிற பயிற்சிகள் எல்லாம் காலுக்குச் சுமையைத் திரும்பப் பழக்குகிற வழிகள்.

முதலாம் படி: பிசியோவிடமா, டொக்டரிடமா?

கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் பயிற்சியைப் பற்றி யோசிக்க வேண்டாம், முதலில் டொக்டரைப் பாருங்கள்.

கணுக்கால் மடங்கி, அந்த நேரமும் பிறகும் நாலு அடி வைத்து நடக்க முடியாமல் இருப்பது. கணுக்காலின் இரு பக்கமும் புடைத்து நிற்கிற மொழி எலும்புகளின் பின்விளிம்பிலோ நுனியிலோ, பாதத்தின் வெளிப்பக்க நடுவில் துருத்தி நிற்கும் எலும்பிலோ, உட்பக்க வளைவின் மேலே இருக்கும் எலும்பிலோ அழுத்தினால் நோவது. கனடாவின் ஒட்டாவாவில் 1990களின் தொடக்கத்தில் வகுக்கப்பட்ட விதிகள் இவை. எக்ஸ்ரே தேவையா இல்லையா என்று முடிவெடுக்க இன்றைக்கும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு விரல் நுனியால் ‘இந்த இடந்தான்’ என்று காட்டக்கூடிய எலும்பு நோ. நடந்தாலும் நோகிறது, இரவில் படுத்தாலும் குத்துகிறது, ஒற்றைக் காலில் துள்ளினால் உயிர் போகிறது என்றால் எலும்பில் மயிரளவு வெடிப்பு இருக்கலாம். முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் எடுத்த எக்ஸ்ரேயில் இது தெரியாமல் போகலாம். “எக்ஸ்ரே கிளியர்” என்ற சந்தோசத்தில் ஓடப் போகாதீர்கள். கவட்டுப் பக்கம் ஆழத்தில் வருகிற நோவுக்கு இன்னும் கவனம் வேண்டும். தொடை எலும்பின் கழுத்தில் வெடிப்பு வந்தால் அது முழுதாக முறிந்து சத்திரசிகிச்சை வரை போய்விடும்.

ஆடுதசை ஒரு காலில் மட்டும் வீங்கிச் சூடாக இருப்பது இரத்தக்கட்டியாக இருக்கலாம். குதிக்குப் பின்னால் யாரோ கல்லால் எறிந்தது போல் ‘டப்’ என்று கேட்டு, பிறகு பெருவிரலில் ஊன்றி எழும்ப முடியவில்லை என்றால் அக்கிலீஸ் தசைநார் அறுந்திருக்கலாம். குப்புறப் படுத்து, பாதம் கட்டிலுக்கு வெளியே தொங்க, இன்னொருவரை ஆடுதசையைப் பிடித்து அமுக்கச் சொல்லுங்கள். பாதம் அசைய வேண்டும். அசையாவிட்டால் அன்றைக்கே வைத்தியசாலை.

முறிவு நெரிவு வைத்தியரிடம் போகாதே என்று நான் சொன்னாலும் போகிறவர்கள் போவார்கள். எலும்பு முறியவில்லை என்று தெரிந்த பிறகு போங்கள், அது போதும்.

இரண்டாம் படி: நோவுக்குப் புள்ளி போடுங்கள்

ஒன்றும் இல்லை என்றால் 0, தாங்கவே முடியாது என்றால் 10. பயிற்சியிலோ ஓட்டத்திலோ 3 வரை வந்தால் பரவாயில்லை, தொடரலாம். 4, 5 என்றால் தூரத்தையும் வேகத்தையும் குறையுங்கள். அதற்கு மேல், அல்லது நோவால் நடையே கெந்தலாகிறது என்றால் நிறுத்துங்கள்.

ஓடும்போது போடுகிற புள்ளியை விட அடுத்த நாள் விடியக் கட்டிலால் இறங்கி வைக்கிற முதல் அடியின் புள்ளி முக்கியம். தசைநார் நோவும் குதி நோவும் உடம்பு சூடானால் மறைந்து ஏமாற்றும். அடுத்த நாள் காலையில் முந்திய நாளை விடக் கூடியிருந்தால் நேற்றுச் செய்தது அளவுக்கு மிஞ்சியது என்று அர்த்தம். ஒரு அப்பியாசக் கொப்பியில் திகதி, தூரம், அடுத்த நாள் காலைப் புள்ளி என்று மூன்றே மூன்றை எழுதுங்கள். கைக்கடிகாரம் சொல்லாததை அந்தக் கொப்பி சொல்லும்.

மூன்றாம் படி: புதுக் காயத்தின் முதல் மூன்று நாள்

ஓய்வு, ஐஸ், கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்ற நாலையும் சேர்த்து 1978 இல் சொல்லிப் பரப்பியவர் கேப் மேர்க்கின் என்ற அமெரிக்க மருத்துவர். முழு ஓய்வும் ஐஸும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று பின்னாளில் அவரே எழுதினார். என் வழக்கம் இது: நோவைத் தணிக்க மட்டும், துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம், முதல் ஓரிரு நாளைக்கு. கட்டும் உயர்த்தி வைத்தலும் வீக்கத்துக்கு உதவும். மூன்றாம் நாளில் இருந்து நோ விடுகிற அளவுக்குக் கணுக்காலை அசையுங்கள், ஆறுதலாக நடவுங்கள்.

வீங்கிய இடத்தில் அம்மம்மா நல்லெண்ணெய் போட்டு உருவிவிட வருவார். முதல் மூன்று நாளும் அன்போடு மறுத்துவிடுங்கள். தசை கிழிந்த இடத்தில் அழுத்தி உருவினால் இரத்தக்கசிவு கூடும். சித்தாலேப தைலம் பூசினால் எரிவு தெரியும், ஆறுதலாக இருக்கும், கெடுதல் இல்லை.

பாமசியில் டைக்ளோபினாக் என்ற நோக் குளிசையை வாங்கி விழுங்கிவிட்டு ஓடுகிற பழக்கம் மட்டும் வேண்டாம். நோ உடம்பு அடிக்கிற மணி, அதை அணைத்துவிட்டு ஓடினால் சின்னக் காயம் பெரிதாகும். சித்திரை வைகாசி வெயிலில் தண்ணீர் வற்றிய உடம்போடு அந்தக் குளிசை சேர்ந்தால் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

நாலாம் படி: நோகிற இடத்துக்கு ஏற்ற பயிற்சி

முன்னெலும்பு. அந்தப் பெடியனுக்கு இருந்தது இது. எலும்பின் உட்பக்க விளிம்பில் ஐந்து சென்ரிமீற்றருக்கு மேல் பரந்த நோ. பரந்து இருப்பது நல்ல செய்தி. ஒரு புள்ளியில் குவிந்திருந்தால் மேலே சொன்ன வெடிப்பைச் சந்தேகிக்க வேண்டும். இதற்கு இரண்டு மூன்று கிழமை ஓட்டத்தை நிறுத்தி, சைக்கிள் ஓடி மூச்சைக் காப்பாற்றலாம். அதோடு குதி உயர்த்தும் பயிற்சி: சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நின்று, குதியை ஆறுதலாக உயர்த்தி, ஆறுதலாக இறக்க வேண்டும். முழங்காலை நீட்டி ஒரு செற், சற்று மடித்து ஒரு செற். மடித்துச் செய்யும்போதுதான் ஆடுதசையின் அடியில் இருக்கிற அகன்ற தசை வேலை செய்யும். ஓட்டத்தில் அதிக சுமை தாங்குவது அதுதான். நல்ல காலால் எத்தனை முடிகிறது என்று எண்ணுங்கள். வளர்ந்தவருக்கு இருபதுக்கு மேல் வர வேண்டும். அந்தப் பெடியனுக்கு ஒன்பதோடு கால் நடுங்கியது.

முழங்கால் சில்லைச் சுற்றி. படி இறங்கினால், குந்தினால், பேருந்தில் கனநேரம் இருந்தால் நோகும். “ஓடித் தேஞ்சுபோச்சு” என்றுதான் எல்லோரும் வருவார்கள். பொழுதுபோக்காக ஓடுவது முழங்காலைத் தேய்க்கிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. இங்கே பிழை பெரும்பாலும் இடுப்பில் இருக்கிறது. கண்ணாடிக்கு முன் ஒற்றைக் காலில் நின்று மெல்ல அரைக் குந்து குந்திப் பாருங்கள். முழங்கால் உட்பக்கம் சாய்ந்தால் இடுப்பின் பக்கத் தசை சோர்ந்திருக்கிறது. பக்கவாட்டில் படுத்துக் காலை உயர்த்துதல், மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், வீட்டுப் படியில் பக்கவாட்டாக ஏறி இறங்குதல் ஆகிய மூன்றும் ஒன்றுவிட்ட நாள், பன்னிரண்டு தரம், மூன்று செற், ஆறு முதல் பன்னிரண்டு கிழமை. ஓடும்போது அடியைச் சிறிதாக்கி, நிமிடத்துக்கு வைக்கிற அடிகளை ஐந்து முதல் பத்து வீதம் கூட்டினாலும் முழங்காலில் விழுகிற சுமை குறையும்.

அக்கிலீஸ் தசைநார். குதிக்கு மேலே கயிறு மாதிரி இருப்பது. விடியற்காலையில் விறைத்திருக்கும், நடக்க நடக்க விடும். இதில் எனக்கு ஒரு பிடித்தமான கதை உண்டு. சுவீடனில் ஹாகான் அல்பிரெட்சன் என்ற என்புச் சத்திரசிகிச்சை நிபுணருக்கே இந்த நோ வந்தது. சத்திரசிகிச்சை செய்துவிடும்படி கேட்டாராம், மேலதிகாரி மறுத்துவிட்டாராம். நானே அறுத்துக்கொள்கிறேன், பிறகு செய்யத்தானே வேண்டும் என்று படியில் நின்று குதியைச் சுமையோடு இறக்கி இறக்கிப் பார்த்தார். அறுவதற்குப் பதில் நோ மாறிவிட்டது. 1998 இல் அவர் குழு வெளியிட்ட முறை இன்றும் அடித்தளம்: நல்ல காலால் எழும்பி, நோகிற காலால் மட்டும் ஆறுதலாக இறங்க வேண்டும். நீட்டிய முழங்காலோடு 15 தரம் மூன்று செற், மடித்த முழங்காலோடு அதே அளவு, நாளுக்கு இரண்டு வேளை, 12 கிழமை. கூட்டிப் பாருங்கள், நாளுக்கு 180. யாழ்ப்பாணத்து வீட்டு விறாந்தைப் படி இதற்கென்றே கட்டியது போல இருக்கும், தூணைப் பிடித்துக்கொள்ளலாம். நோ புள்ளி 5 வரை வந்தாலும் இந்தப் பயிற்சியில் மட்டும் பொறுத்துக்கொள்ளலாம். நோ தசைநாரின் நடுவில் இல்லாமல் குதி எலும்போடு ஒட்டுகிற இடத்தில் இருந்தால் படிக்குக் கீழே இறக்க வேண்டாம், தரை மட்டத்தோடு நிறுத்துங்கள்.

அந்தத் தசைநாருக்குள் ஸ்டீரொயிட் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், அறுந்துபோகக்கூடும். சிப்ரோபுளொக்சசின் போன்ற அன்ரிபயோட்டிக் எடுக்கிற நாட்களிலும் எடுத்து முடித்த சில கிழமைகளிலும் வேக ஓட்டம் வேண்டாம். அந்த மருந்துக் குடும்பம் தசைநாரைப் பலவீனப்படுத்தக்கூடியது.

குதியின் அடி. காலையில் முதல் அடி முள் மிதித்த மாதிரி. துவாயைச் சுருட்டிக் கால்விரல்களுக்குக் கீழே வைத்து, ஒற்றைக் காலில் குதி உயர்த்துங்கள்: மூன்று விநாடி மேலே, இரண்டு விநாடி நிறுத்தம், மூன்று விநாடி கீழே. ஒன்றுவிட்ட நாள் போதும். இலகுவானால் முதுகில் பாடசாலைப் பையை மாட்டி அதற்குள் புத்தகங்களைக் கூட்டுங்கள். இதோடு வீட்டுக்குள் வெறுங்காலில் சீமெந்துத் தரையில் நடப்பதைச் சில காலம் விட்டு மெத்தென்ற செருப்புப் போடுங்கள். இந்த இரண்டாவது ஆலோசனையைத்தான் ஒருவரும் கேட்பதில்லை. “வீட்டுக்குள்ள செருப்போ?” என்று முகம் சுழிப்பார்கள். வீட்டுக்கு மட்டும் ஒரு சோடி வாங்கினால் தீருகிற பிரச்சினை.

முழங்காலின் வெளிப்பக்க நோ ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் தொடங்கும். அந்தத் தூரத்துக்கு முன்னமே நிறுத்தி, மேலே சொன்ன இடுப்புப் பயிற்சிகளைச் செய்யுங்கள். மடங்கிய கணுக்காலுக்கு வீக்கம் வற்றியபின் ஒற்றைக் காலில் நின்று பல் விளக்குங்கள். சிரிப்பாக இருக்கும், ஆனால் சமநிலைப் பயிற்சி செய்யாத கணுக்கால் திரும்ப மடங்கும். பத்து முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே புடைப்பாகவோ குதியின் பின்புறமோ நொந்தால் அது பெரும்பாலும் வளர்கிற எலும்பில் தசைநார் இழுக்கிற நோ. விளையாட்டைக் குறைத்தால் அடங்கும்.

ஐந்தாம் படி: திரும்ப ஓடுதல்

அவசரப்பட்டுக் கெடுக்கிற இடம் இதுதான். தொடங்குவதற்கு மூன்று பரீட்சை: அரை மணித்தியாலம் கெதியாக நடந்து நோ இல்லை, நொந்த காலில் பத்துத் தரம் துள்ளி நோ இல்லை, குதி உயர்த்தலில் இரண்டு காலும் ஏறக்குறைய சமம்.

முதல் நாள் ஒரு நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் நடை, இப்படி ஐந்து சுற்று. அடுத்த நாள் ஓய்வு. காலைப் புள்ளி கூடவில்லை என்றால் இரண்டு நிமிடம் ஓட்டம், மூன்று நிமிடம் நடை. பிறகு மூன்றுக்கு இரண்டு, நாலுக்கு ஒன்று. ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு தரமாவது செய்துவிட்டு மேலே போங்கள். புள்ளி கூடினால் ஒரு கட்டம் கீழே இறங்குங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அரை மணித்தியாலம் இடைவிடாமல் ஓட முடிந்த பிறகு தூரம், அதற்கும் பிறகுதான் வேகம். ஒரே கிழமையில் இரண்டையும் கூட்ட வேண்டாம்.

அந்தப் பெடியன் அந்த மரதன் ஓடவில்லை. இல்லக் கொடியைப் பிடித்துக்கொண்டு அணிநடையில் போனான், என் மேல் கோபம். சித்திரை விடுமுறையில் விடிய ஐந்தரைக்கு ஒழுங்கையில் ஒரு நிமிட ஓட்டத்தில் தொடங்கினான்.

ஆறாம் படி: இனி வராமல் பார்ப்பது

ஓடுகிற தூரத்தைக் கிழமைக்குப் பத்து வீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற விதி எல்லோருக்கும் தெரியும். நான் அதை விட ஒற்றை ஓட்டத்தைப் பார்க்கிறேன். கடந்த ஒரு மாதத்தில் ஓடிய மிக நீண்ட ஓட்டம் 6 கிலோமீற்றர் என்றால் நாளைக்கு 10 ஓடாதீர்கள், ஆறரையோடு நில்லுங்கள். கூட்டாளி கூப்பிட்டான், பண்ணைப் பாலத்தில் காற்று முதுகில் தள்ளியது, அப்படியே வேலணை வரை போய்விட்டேன் என்று வருகிறவர்கள் உண்டு. போனது சரி. திரும்பி வந்த தூரமும் காலின் கணக்கில்தான் ஏறியது, எதிர்க்காற்றோடு.

எங்கள் மண் தட்டை. மலைப்பகுதி ஓட்டக்காரருக்குக் கிடைக்கிற ஏற்ற இறக்கம் எங்களுக்கு இல்லை, அதனால் ஒரே அசைவு ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப நடக்கிறது. தார் வீதியின் ஓரம் சரிவாக இருக்கும். எப்போதும் ஒரே ஓரத்தில் ஓடினால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். வாகனம் எதிரே தெரிய வலப்பக்கம் ஓடுவதுதான் பாதுகாப்பு. ஆகவே சரிவு குறைந்த வீதியைத் தேடுங்கள், அல்லது சில நாள் மைதானத்துக்குப் போங்கள். துரையப்பா விளையாட்டரங்கு போன்ற இடத்தில் சுற்று ஓடினால் ஓடுபாதை வெறுமையாக இருக்கிற நேரம் திசையை மாற்றிக்கொள்ளலாம். காரைநகர் கசூரினா மணலில் ஓட ஆசை வந்தால் முதல் நாள் பத்து நிமிடம் போதும். இளகிய மணலில் குதி புதையும், அக்கிலீஸும் ஆடுதசையும் இரண்டு மடங்கு வேலை செய்தது போல அடுத்த நாள் முறையிடும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் வெறுங்காலோடு வீதி சுற்றுகிறவர்கள் அந்த நடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்கள் உள்ளங்காலை ஒவ்வொரு இரவும் பாருங்கள், கொப்புளம் வந்தாலும் உணர்வு தெரியாமல் போகலாம்.

சப்பாத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. போட்டவுடன் வசதியாக இருப்பதை வாங்குங்கள். 500 முதல் 800 கிலோமீற்றரில் அதன் மெத்தை செத்துவிடும். ஓடுவதற்கு முன் நின்றபடி இழுத்துப் பிடிக்கிற பயிற்சிகள் காயத்தைத் தடுப்பதாகத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் கெதி நடையும் மெல்லிய ஓட்டமும் போதும். அந்த நேரத்தைக் கிழமைக்கு இரண்டு நாள் பலப் பயிற்சிக்குக் கொடுங்கள்: குதி உயர்த்தல், அரைக் குந்து, படி ஏறல், இடுப்பு உயர்த்தல். இருபது நிமிட வேலை. பஞ்சிப்படாமல் செய்கிறவர்களை நான் பெரும்பாலும் வீதியில்தான் காண்கிறேன், அறையில் அல்ல.

சாப்பாடு. காலையில் வெறுந்தேநீரோடு ஓடிவிட்டு அப்படியே பாடசாலைக்குப் போகிற பிள்ளையின் எலும்பு எதை வைத்துத் தன்னைக் கட்டும்? நெத்தலி, முட்டை, பால், முருங்கையிலை, பயறு எல்லாம் எங்களிடம் மலிவாக இல்லாவிட்டாலும் கிடைக்கிறது. ஓடுகிற பெண் பிள்ளைக்கு மாதவிடாய் மூன்று மாதம் வராமல் போனால் “ஓடுறதால நிண்டுட்டுது, பிறகு வரும்” என்று விடாதீர்கள். சாப்பாடு ஓட்டத்துக்குக் காணாது என்று உடம்பு சொல்கிறது, அடுத்தது எலும்பு வெடிப்பு. அம்மாவும் பயிற்றுநரும் வெட்கமில்லாமல் கேட்க வேண்டிய கேள்வி அது.

பிசியோவிடம் போகும்போது

யாழ் போதனா வைத்தியசாலையில் இயன்மருத்துவப் பிரிவு இருக்கிறது, அரச வைத்தியசாலை என்பதால் கட்டணம் இல்லை. டொக்டரைக் கண்டு அவர் அனுப்பி வருவது வழமை. தனியாரிடம் போனால் ஒன்றைக் கவனியுங்கள். நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் என் சொந்த அக்கிலீஸ் நோவுக்கு ஓரிடத்தில் பத்து நாள் மெசின் மட்டும் பிடித்தார்கள். சூடு இதமாக இருந்தது, பதினோராம் நாள் ஓடினேன், நோ சிரித்துக்கொண்டு வந்தது. ஒரு பயிற்சியும் சொல்லித்தராமல் மெசினோடு அனுப்பினால் “வீட்டில என்ன செய்யிறது?” என்று நீங்களே கேளுங்கள்.

வரும்போது மேலே சொன்ன கொப்பியைக் கொண்டு வாருங்கள். அரைக் காற்சட்டையோடு வாருங்கள். சாரத்தோடு வருகிற ஐயாமாரின் முழங்காலைப் பார்க்க நான் படுகிற பாடு பெரிது. ஓடுகிற பழைய சப்பாத்தும் வேண்டும். கழுவ வேண்டாம். போன மாதம் ஒரு அக்கா பளிச்சென்று தோய்த்து வெயிலில் காயவைத்துக் கொண்டு வந்திருந்தார். எந்த ஓரத்தில் செம்மண் அப்பியிருந்தது என்று நான் பார்க்க நினைத்த இடமெல்லாம் வெள்ளையாக இருந்தது.